சொம்பின் வாயும் பாரிஸ் சித்திரக்காரர்களும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர் வரவில்லை. அவருடைய வகுப்பை நான் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. சரித்திரம் போதிக்கும் எனக்குச் சித்திரம் எழுதத் தெரியாது; ஆனால் பிறர் எழுதியதில் பிழை காண மட்டும் நன்றாய்த் தெரியும். உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் இருந்தவனுக்கு இந்தத் திறமை தானாகவே வந்துவிடும்.

மேஜையின் மேல் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து, "பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மணி அடிக்கும் சமயம் நோட்டுப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் சொம்பின் வாயை நீள்வட்டமாக எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பையன் மட்டும் அதைப் பூரண வட்டமாக, பௌர்ணமிச் சந்திரனைப் போல எழுதியிருந்தான். அதன் கீழே சொம்பின் உடலைப் பக்கவாட்டில் பார்த்தபடி எழுதி, அடிப்பாகத்தை நேர்கோடாக முடித்திருந்தான்.

"ஏனப்பா, நீ உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாய் இப்படியா தெரிகிறது?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை, ஸார். ஆனால் சொம்பின் வாய் வட்டந்தானே, ஸார்?" என்றான் பையன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். சிவப்பு மையினால் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டு, பத்துக்கு இரண்டு மார்க் கொடுத்து அனுப்பினேன்.

அன்று இரவு சாப்பாடு முடிந்தபின் ஒரு சித்திரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு ஓவியர் பால் ஸெஸான் தீட்டிய பழத் தட்டுப் படம் ஒன்று கண்ணில் பட்டது. அதில் பாத்திரத்தின் வாய் பார்ப்பவனை நோக்கி வேண்டுமென்றே சாய்ந்துகொடுத்திருந்தது. மேஜையின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே கோட்டில் சேரவில்லை. அந்தப் படம் இன்று விலை மதிக்க முடியாத பொக்கிஷம். நான் சிவப்பு மை போட்ட படமோ ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் கிடக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. ஆகையால் இந்த வாரம் அந்தப் பையனுக்கு நான் பட்ட கடனை நேயர்களின் முன்னிலையில் கொஞ்சம் தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

★

'கியூபிஸம்' என்னும் பெயரை நேயர்கள் கேட்டிருப்பார்கள். கனசதுரச் சித்திரம் என்று தமிழில் சொல்லலாம். மூக்கு ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும் படத்தைப் பார்த்ததும், "இது என்ன கூத்து! என் வீட்டுக் குழந்தை இதைவிட நன்றாய் எழுதுமே!" என்று சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? அந்த வார்த்தையில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. மற்றப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் ஏறக்குறைய ஐந்நூறு வருஷ காலம் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் பிளாரென்ஸ் நகரத்துச் சிற்பி புருனெலெஸ்கி கண்டு காட்டிய சட்டம் அது. ஆல்பெர்ட்டி என்பவர் 1435-ஆம் வருஷத்தில் அதை நூலாகவே எழுதிவைத்தார். அருகில் உள்ளது பெரிதாகவும் தூரத்தில் உள்ளது சிறிதாகவும் தெரிய வேண்டும். இணை கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில் சென்று கூட வேண்டும். இந்தக் கணக்கின்படி எழுதினால் சுவரிலே ஜன்னல் திறந்து வெளியுலகம் தெரிவது போன்ற மயக்கம் உண்டாகும். அற்புதமான வித்தைதான், சந்தேகமில்லை.

ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பார்ப்பவன் ஒற்றைக் கண்ணுடன், ஒரே இடத்தில், அசையாமல் நிற்க வேண்டும்! நாம் அப்படியா பார்க்கிறோம்? சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவர்கள் அதை எடுத்துத் திருப்பி, அடியைப் பார்த்து, தட்டிப் பார்த்த பிறகல்லவா வாங்குகிறார்கள்? அவர்கள் மனத்தில் பதிந்திருக்கும் பூசணிக்காய் எல்லாப் பக்கமும் சேர்ந்த பூசணிக்காய். பழைய எகிப்தியர்கள் இதை அறிந்தே மனிதனுடைய முகத்தைப் பக்கவாட்டிலும், கண்ணையும் தோள்களையும் நேராகவும் எழுதினார்கள். அவர்களுக்குச் சித்திரம் எழுதத் தெரியாது என்று சொல்லுகிறவர் உண்டா?

இந்தச் சட்டத்துக்கு முதல் அடி ஓர் இயந்திரத்தினால் விழுந்தது. 1839-ல் பாரிஸ் நகரில் போட்டோ எடுக்கும் முறை உலகத்துக்கு வெளியிடப்பட்டது. ஒற்றைக் கண்ணால் அசையாமல் பார்க்கும் வேலையை மனிதனைவிடக் காமிரா நன்றாகச் செய்தது. அப்படியானால் சித்திரக்காரனுக்கு என்ன வேலை மிச்சம்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டவர்களில் முதன்மையானவர் ஸெஸான். அவர் பிறந்ததும் அதே 1839-ல் என்பது ஒரு விசித்திரமான பொருத்தம்.

ஸெஸான் தம் சொந்த ஊரான எக்ஸ் நகரத்துக்கு அருகிலுள்ள ஒரே மலையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். கணந்தோறும் மாறும் வெளிச்சத்தை அல்ல, அதற்கு அடியில் மாறாமல் நிற்கும் கட்டுக்கோப்பையே அவர் தேடினார். இயற்கையை உருளை, கோளம், கூம்பு என்னும் வடிவங்களைக்கொண்டு அணுக வேண்டும் என்று 1904-ல் ஓர் இளம் ஓவியருக்குக் கடிதம் எழுதினார். 1906 அக்டோபரில், வெளியில் சித்திரம் தீட்டிக்கொண்டிருந்தபோது பெருமழையில் அகப்பட்டு நோயுற்றுச் சில நாட்களில் காலமானார். அடுத்த வருஷம் பாரிஸில் அவருடைய படங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி நடந்தது. வாழ்நாளில் அவரைப் பரிகாசம் செய்த நகரத்தின் இளைஞர்கள் இப்போது பாடம் படிக்க வந்தார்கள்.

★

அந்த இளைஞர்களில் இருவர் நம் கதாநாயகர்கள். ஒருவர் பாப்லோ பிக்காஸோ. ஸ்பெயின் தேசத்து மாலகா நகரத்தில் 1881-ல் பிறந்தவர். சித்திர ஆசிரியர் ஒருவரின் புதல்வர். மற்றவர் ஜார்ஜ் பிராக். பிரெஞ்சுக்காரர், 1882-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழில் நடத்தியவர்கள். பிராக்கும் அந்தத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தவர். மரம் அல்லாததை மரம் போலவும், பளிங்கு அல்லாததைப் பளிங்கு போலவும் பூசிக் காட்டும் வித்தை அவருக்குத் தெரியும். இதை நேயர்கள் மறந்துவிடக் கூடாது. பின்னால் வேலை இருக்கிறது.

1907-ல் பிக்காஸோ, பாரிஸில் மோன்மார்த்ர் குன்றின் மேலிருந்த பழைய மரக் கட்டடத்துக் கூடத்தில், எட்டடி உயரமுள்ள ஒரு படத்தை எழுதினார். 'அவிஞோன் பெண்கள்' என்று அது பெயர் பெற்றது. ஐந்து பெண்கள், அங்கங்கள் கத்தியால் சீவினாற்போல் கூர் கூராக இருக்கின்றன. இருவருடைய முகங்கள் முகமூடியைப் போல் இருக்கின்றன. குந்தியிருக்கும் பெண்ணின் முதுகும் முகமும் ஒருங்கே தெரிகின்றன. நண்பர்கள் திகைத்துப் போனார்கள். மண்ணெண்ணெய் குடிக்கச் சொல்வதைப் போல் இருக்கிறது என்ற பொருள்பட பிராக் பேசினாராம். பிக்காஸோ படத்தை ஒதுக்கி வைத்துவிட்டார். 1916 வரையில் அது பொதுஜனங்களுக்குக் காட்டப்படவே இல்லை. இன்று நியூயார்க் நகரத்துச் சித்திரசாலையில் தொங்குகிறது.

அந்த முகமூடி முகங்கள் எங்கிருந்து வந்தன? அதே 1907-ல் பிக்காஸோ பாரிஸிலுள்ள த்ரோகாதெரோ காட்சிசாலைக்குப் போயிருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்தும் கடல் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட முகமூடிகளும் மர உருவங்களும் அங்கே குவிந்து கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் காட்டுமிராண்டிகளின் கைவேலை என்று எண்ணியே கொண்டுவந்தார்கள். ஐரோப்பியக் கலை வழி தெரியாமல் நின்ற சமயத்தில் அந்தக் கைவேலைதான் வழி காட்டிற்று. ஆண்டவனிடம் ஆளப்பட்டவன் பாடம் கற்கவேண்டும் என்பதுதான் சாம்ராஜ்யங்களின் சித்தாந்தம். இங்கே பாடம் தலைகீழாக நடந்தது. பெயர் தெரியாத அந்தக் கறுப்புச் சிற்பிகளுக்கு எந்த அரசாங்கமும் பட்டம் அளித்ததாகத் தெரியவில்லை.

முதலில் திகைத்த பிராக் பிறகு யோசிக்கத் தொடங்கினார். 1908 கோடையில் தெற்குப் பிரான்ஸில் ஸெஸான் எழுதிய லெஸ்தாக் என்னும் ஊருக்குப் போய், அங்குள்ள வீடுகளையும் மரங்களையும் எழுதினார். ஜன்னலுமில்லை, கதவுமில்லை, வீடுகள் பெட்டிகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பாரிஸ் கண்காட்சிக் கமிட்டியார் படங்களை ஏற்கவில்லை. கான்வைலர் என்னும் இளம் ஜெர்மானிய வியாபாரி அவ்வருஷம் நவம்பரில் தம் சிறிய கடையில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். லூயி வோஸெல் என்னும் விமர்சகர், பிராக் சகலத்தையும் கனசதுரங்களாக்கிவிட்டார் என்று பத்திரிகையில் எழுதினார். கேலியாகச் சொன்ன சொல்லே பெயராக நிலைத்துவிட்டது.

★

அடுத்த சில வருஷங்கள் கலையின் சரித்திரத்திலேயே அபூர்வமானவை. பிக்காஸோவும் பிராக்கும் ஏறக்குறைய தினந்தோறும் சந்தித்தார்கள். ஒருவர் அன்று செய்ததை மற்றவர் வந்து பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்களைப் போல் இருந்தோம் என்று பிராக் பின்னாளில் நினைவுகூர்ந்தார். படத்தின் முன்புறத்தில் பெயர் எழுதும் வழக்கத்தைக்கூட அக்காலத்தில் இருவரும் விட்டிருந்தார்கள். 1911-ல் அவர்கள் எழுதிய படங்களில் எது யாருடையது என்று கண்டுபிடிக்க நிபுணர்களும் தடுமாறுவார்கள். புகழுக்காக ஏமாற்று வேலை செய்தவர்கள் பெயரை மறைப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் செய்தது இதுதான். ஒரு பொருளைச் சுற்றி வந்து பார்த்து, அதன் பல பக்கங்களைத் தனித்தனிச் சில்லுகளாகப் பிரித்து, ஒரே பரப்பில் அடுக்கினார்கள். வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வரவில்லை. சில்லுக்குச் சில்லு மாறுகிறது. கண்ணை வர்ணம் மயக்கிவிடக் கூடாது என்று பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை இவற்றோடு நிறுத்திக்கொண்டார்கள். 1910-ல் பிக்காஸோ எழுதிய கான்வைலரின் உருவப்படத்தைப் பாருங்கள். முதலில் உடைந்த கண்ணாடிக் குவியலாகத் தோன்றும். பொறுமையாகப் பார்த்தால் வகிடெடுத்த தலைமயிர் தெரியும். பிறகு கடியாரச் சங்கிலி தெரியும். கடைசியில் கோத்து வைத்த இரு கைகள் தெரியும். விடுகதையை அவிழ்ப்பதைப் போலப் பார்க்கிறவனும் பாதி வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த வழியே இன்னும் போனால் பொருளே மறைந்து வெறும் கோடுகள் மிஞ்சிவிடுமே! இருவரும் அந்த ஆபத்தை உணர்ந்தார்கள். 1911-ல் பிராக், கடைப் பலகைகளில் அச்சுத் தகடு வைத்துப் பூசுவது போன்ற எழுத்துக்களைப் படத்தில் சேர்த்தார். 1912 மே மாதத்தில் பிக்காஸோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணித் துண்டு ஒன்றைப் படத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். அந்த வருஷம் செப்டம்பரில் பிராக் அவிஞோன் நகரத்துக் கடை ஒன்றில் மர வரி அச்சிட்ட சுவர்க் காகிதத்தைக் கண்டார். வாங்கிவந்து வெட்டிப் படத்தில் ஒட்டி, அதன் மேல் பழத் தட்டையும் கண்ணாடிக் குவளையையும் கரிக்கோலால் எழுதினார். வர்ணம் பூசும் குடும்பத்தின் பழைய தொழில் இப்படிக் கைகொடுத்தது. உயர்ந்த கலைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே இருந்த வேலி அன்றே சாய்ந்தது. இன்று நம் பிள்ளைகள் பழைய பத்திரிகைகளைக் கத்தரித்து ஒட்டிப் படம் செய்கிறார்களே, அதற்கும் இதுவே தலைமுறை.

ஸ்பெயினிலிருந்து வந்த ஹுவான் கிரிஸ், இந்த முறைக்குக் கணித ஒழுங்கையும் பளிச்சென்ற வர்ணத்தையும் கொடுத்தார். லெஜே, கிளேஸ், மெட்ஸாஞ்ஜே முதலியோர் 1911-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு தனி அறை முழுவதும் தங்கள் படங்களை வைத்தார்கள். ஊரே திரண்டு வந்து சிரித்தது.

★

சிரிப்போடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1912 டிசம்பரில் இது பிரெஞ்சுப் பார்லிமெண்டுக்கே போயிற்று. தேசத்துக்குச் சொந்தமான மாளிகையில் இப்படிப்பட்ட படங்களுக்கு இடம் கொடுக்கலாமா, இது தேசியக் கலைக்கு இழுக்கல்லவா என்று ழூல்-லூயி பிரெத்தோன் என்ற அங்கத்தினர் ஆட்சேபித்தார். மார்ஸெல் ஸெம்பா என்ற அங்கத்தினர் எழுந்து பதில் சொன்னார். படம் பிடிக்காவிட்டால் அதைப் பார்க்காமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. போலீஸைக் கூப்பிட உரிமை இல்லை என்பது அவர் பேச்சின் சாரம். இருவரும் சோஷலிஸ்டுகளே என்பது கவனிக்கத் தக்கது.

1914 ஆகஸ்டில் மகாயுத்தம் மூண்டது. படையில் சேரப் புறப்பட்ட பிராக்கைப் பிக்காஸோ அவிஞோன் ரயில் நிலையத்தில் வழியனுப்பினார். அத்துடன் அந்தக் கூட்டு முயற்சி முடிந்தது. 1915-ல் பிராக் தலையில் பலத்த காயம் பட்டு, மண்டையோட்டைத் துளைத்துச் சிகிச்சை செய்த பிறகு பிழைத்தார். நெடுநாள் கழித்தே மறுபடி தூரிகையை எடுத்தார். கியூபிஸ்டுகளின் கவி நண்பர் அப்போலினேரும் தலையில் காயம் பட்டவர். 1918 நவம்பரில், யுத்தம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, விஷக் காய்ச்சலில் மாண்டார். கான்வைலர் ஜெர்மானியர் ஆகையால், அவர் கடையிலிருந்த படங்களை எதிரியின் சொத்தென்று அரசாங்கம் பறிமுதல் செய்து, 1921 முதல் 1923 வரையில் ஏலம் போட்டது. வியாபாரிகள் ஜெர்மானியர்கள் என்பதால், கியூபிஸமே ஜெர்மானியச் சதி என்றுகூடப் பாரிஸில் தேசபக்தர்கள் கூச்சலிட்டார்கள். அதே சமயத்தில் பிரெஞ்சு ராணுவம் பீரங்கிகளை எதிரியின் கண்ணுக்கு மறைப்பதற்குக் கியூபிஸ ஓவியர்கள் பலரை வேலைக்கு அமர்த்தியிருந்தது! தேசபக்தி நல்லதுதான், ஆனால் அது சித்திரத்துக்கு மார்க் போட ஆரம்பித்தால் என் சிவப்பு மையைவிட மோசமாகிவிடுகிறது.

நம் தேசத்திலும் இந்த அலை வந்து மோதியது. ககனேந்திரநாத் தாகூர், அவனீந்திரரின் தமையனார். ரவீந்திரருக்கு மகன் முறை. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ்க் கோணல்களைக் கேலிச் சித்திரங்களாக எழுதிப் பெயர் பெற்ற அவர், 1920-க்குப் பிறகு கியூபிஸத்தைக் கையில் எடுத்தார். 1922-ல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் கல்கத்தாவின் 'ரூபம்' பத்திரிகையில் அவரை இந்தியக் கியூபிஸ்ட் என்று குறிப்பிட்டு எழுதினார். அவ்வருஷம் டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைஞர்களுடைய படங்கள் கல்கத்தாவில் காட்டப்பட்டபோது, அங்கே ககனேந்திரருடைய கியூபிஸப் படங்களும் இருந்தன. மேனாட்டை நகல் செய்தார் என்று குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் பாரிஸ்காரர்கள் சில்லுகளைக்கொண்டு சொம்பையும் கிதாரையும் ஆராய்ந்தார்கள். ககனேந்திரர் அதே சில்லுகளைக்கொண்டு மாயமாளிகைகளையும், படிக்கட்டுகளில் வழியும் ஒளியையும், பாட்டி கதைகளின் மர்மத்தையும் எழுதினார். கருவி எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன? வீணையில் பாடுவதும் வயலினில் பாடுவதும் நம் ராகமாக இருந்தால் போதாதா?

கியூபிஸம் வெறும் வடிவ விளையாட்டு, அதில் இதயம் இல்லை என்பது மற்றொரு குற்றச்சாட்டு. இதற்குப் பதில் 1937-ல் கிடைத்தது. அவ்வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி ஸ்பெயினில் குவர்னிகா என்னும் ஊரின் மேல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. சில வாரங்களுக்குள் பிக்காஸோ இருபத்தைந்தடிக்கு மேல் அகலமுள்ள படத்தை எழுதி முடித்தார். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு வர்ணமில்லை. செத்த குழந்தையை ஏந்தித் தலையை அண்ணாந்து அலறும் தாய், குத்துண்ட குதிரை, துண்டாய்க் கிடக்கும் போர்வீரன் கை. ஒரு கணத்தில் ஊரே சிதறிய துயரத்தைச் சிதறிய வடிவத்தினாலன்றி வேறு எதனால் சொல்ல முடியும்? அதே வருஷம் ஜூலையில் மியூனிக் நகரத்தில் ஹிட்லர் கியூபிஸத்தையும் ஏனைய நவீனக் கலைகளையும் பெயர் சொல்லி நிந்தித்துப் பேசினார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் சர்வாதிகாரம் ஒழிந்த பிறகு, 1981-ல் குவர்னிகா படம் அந்தத் தேசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைக் காணப் பிக்காஸோ இல்லை, 1973-லேயே காலமாகிவிட்டார்.

★

இனி, முதலில் பாக்கி வைத்த பாதி உண்மையைச் சொல்ல வேண்டும். குழந்தை தான் அறிந்ததை எழுதுகிறது. கியூபிஸ்டும் தான் அறிந்ததை எழுதினான். இதுவரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் பிக்காஸோ பதினைந்து வயதிலேயே பழைய முறைப்படி உருவம் எழுதுவதில் தேர்ந்தவர். சட்டத்தைக் கற்றுத் தேர்ந்து, அதன் எல்லையைக் கண்டு, பிறகு வேலியைத் தாண்டியவர். குழந்தைக்கோ வேலி இருப்பதே தெரியாது. இரண்டையும் ஒன்றென்று சொல்வது சரியல்ல.

ஆகையால் என் மாணவன் பிக்காஸோ ஆகிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. மறுநாள் அவனைத் தனியே கூப்பிட்டு நோட்டுப் புத்தகத்தைக் கேட்டேன். வட்டத்தை ரப்பரால் அழித்து, அந்த இடத்தில் நீள்வட்டம் எழுதி வைத்திருந்தான். அழித்த இடத்தில் காகிதம் தேய்ந்து வெளுத்திருந்தது.

"இப்போது சரியா, ஸார்?" என்று கேட்டான்.

"இதுவும் சரிதான், அப்பா. பரீட்சையில் இப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் நேற்று நீ எழுதியது நீ அறிந்தது. இன்று எழுதியது நீ கண்டது. நேற்றையது தப்பென்று நான் சிரித்தேனே, அதுதான் தப்பு" என்றேன்.

அவனுக்கு எவ்வளவு விளங்கிற்றோ அறியேன். இரண்டு மார்க்கை அடித்துவிட்டு எட்டு என்று திருத்தினேன். அவன் சந்தோஷமாய் ஓடிவிட்டான். ஆனால் அந்த வட்டத்தை அவன் மறுபடி எழுதவில்லை. மார்க்கைத் திருத்துவது சுலபம்; சிரித்த சிரிப்பைத் திருத்துவதுதான் கஷ்டமாயிருக்கிறது.